குத்திய காதும் மருந்துக்குச் சாகாத கொசுவும்

நீங்கள் கேட்டது இது: "எங்கள் குடும்பத்தில் எத்தனையோ தலைமுறையாகக் காது குத்துகிறோம். எனக்கும் குத்தினார்கள், என் அம்மாவுக்கும் குத்தினார்கள். ஆனாலும் என் மகள் துளையில்லாத காதோடுதான் பிறந்தாள். தேவைக்குத் தகுந்தாற்போல் உடம்பு மாறும் என்பதுதானே பரிணாமம்? அப்படியானால் கொசுவும் கிருமியும் மட்டும் சில வருடங்களிலேயே மருந்துக்குப் பழகிவிடுவது எப்படி?" பார்வைக்கு இரண்டு கேள்வி, உள்ளே இருப்பது ஒன்றுதான். ஓர் உயிர் தன் வாழ்நாளில் அடைகிற மாற்றம் அதன் பிள்ளைக்குப் போகுமா? போகாது என்றால், பரிணாமத்தில் மாறுவதுதான் எது? கல்லூரியில் 26 ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவன் நான். முதலாண்டு மாணவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழுகிற இடம் இதுவே. பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கிறவர்களும் இங்கே விழுவார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

காதிலிருந்தே தொடங்கலாம். என் அப்பத்தா பாம்படம் போட்டவர். சின்ன வயதில் காது குத்தி, துளையில் பஞ்சைத் திணித்து, பிறகு குணுக்கு மாட்டி, வருடக்கணக்கில் இழுத்து வளர்த்த காது. சுளகை எடுத்து அரிசி புடைக்க உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் பாம்படம் தோளில் இடித்து ஆடும். அவருடைய அம்மாவுக்கும், அந்த அம்மாவின் அம்மாவுக்கும் அதே காது. அப்படியும் என் அத்தைமார் எல்லாரும் சாதாரணக் காதோடுதான் பிறந்தார்கள். மதுரையிலிருந்து திருநெல்வேலி வரை எத்தனையோ வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்தது இது. வளர்த்த காது ஒரு குழந்தைக்கும் பிறவியிலேயே வரவில்லை.

இதையே ஒரு சோதனையாகச் செய்து பார்த்தவர் ஜெர்மானிய விலங்கியலாளர் ஆகஸ்ட் வைஸ்மான். 1880களின் இறுதியில் அவர் வெள்ளைச் சுண்டெலிகளின் வாலை நறுக்கி, அவற்றை இனம்பெருக்கவிட்டார். ஐந்து தலைமுறைகளில் பிறந்த 901 குட்டிகளில் ஒன்றுகூட வாலில்லாமல் பிறக்கவில்லை. இந்தச் சோதனையை அளவுக்கு மீறிப் பெரிதாக்கக் கூடாது என்று வகுப்பில் நான் எப்போதும் சொல்வேன். தன் வாழ்நாளில் பெற்றது பிள்ளைக்குப் போகும் என்று 1809இல் எழுதிய லமார்க், காயம் போகும் என்று சொல்லவில்லை; உறுப்பைப் பயன்படுத்துவதாலும் பயன்படுத்தாமல் விடுவதாலும் வரும் மாற்றத்தைத்தான் சொன்னார். வால் வெட்டியது அவருக்கு நேரான மறுப்பு ஆகாது. வைஸ்மானின் பெரிய பங்களிப்பு வேறு. உடலைக் கட்டும் செல்கள் ஒரு வழியிலும், கருமுட்டையையும் விந்தணுவையும் தரும் செல்கள் தனி வழியிலும் போகின்றன. முதல் வழியில் நேர்வது இரண்டாவதில் பதிவாவதில்லை என்றார் அவர். விலங்குகளைப் பொறுத்தவரை பிற்கால ஆய்வுகள் பெரும்பாலும் அதையே உறுதிப்படுத்தின.

உங்கள் வீட்டிலேயே அதைப் பார்க்கலாம். ஒரு பெண்ணின் சினைப்பைக்குள் இருக்கும் கருமுட்டைச் செல்கள் அவள் தன் தாயின் வயிற்றில் சிசுவாக இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. உங்கள் மகளாக வளர்ந்த அந்தக் கருமுட்டை, நீங்கள் உங்கள் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே உங்களுக்குள் இடம்பிடித்துவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து உங்களுக்குக் காது குத்தியது அதற்கு எவ்வளவோ பிறகு. ஆசாரியின் ஊசி காதில் செய்த துளையைப் பற்றி அந்தக் கருமுட்டைக்குத் தெரிய ஒரு வழியும் இல்லை.

நீங்கள் நினைத்தது தவறு என்றாலும் அறிவீனமல்ல. டார்வினே உறுப்பைப் பயன்படுத்துவதன் விளைவு பிள்ளைக்குப் போகும் என்று நம்பினார். உடம்பின் ஒவ்வொரு பாகத்திலிருந்தும் நுண்துகள்கள் கிளம்பி இனச்செல்களுக்குப் போய்ச் சேர்கின்றன என்று 1868இல் ஒரு விளக்கமும் எழுதினார். பண்புகள் பிள்ளைகளுக்குப் போகும் விதத்தைக் காட்டி மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வு அப்போது யார் கவனத்தையும் பெறாமல் கிடந்தது. மரபு எப்படிப் போகிறது என்று தெரியாமலேயே இயற்கைத் தேர்வைக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் டார்வின், வாலஸ் இருவரிடமும் எனக்கு இன்றும் அடங்காத வியப்பு.

இனி கொசுவும் கிருமியும். "பழகிவிட்டது" என்ற சொல்லே நம்மை வழி தவற வைக்கிறது. காரம் சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கு பழகுவதுபோல, மருந்து பட்டுப் பட்டு ஒவ்வொரு கிருமியும் தேறிவிடுகிறது என்று அந்தச் சொல் நினைக்க வைக்கிறது. நடப்பது வேறு. 1952இல் அமெரிக்க உயிரியலாளர் தம்பதியரான ஜோஷுவா லெடர்பெர்க்கும் எஸ்தர் லெடர்பெர்க்கும் வெல்வெட் துணியைக்கொண்டு இதைக் காட்டினார்கள். ஒரு தட்டில் பாக்டீரியாக்களைப் பரப்பி வளரவிட்டார்கள். உருளைக் கட்டையின் முகத்தில் வெல்வெட்டை இழுத்துக் கட்டி, அந்தத் தட்டின்மேல் மெல்ல ஒற்றி எடுத்தார்கள். வெல்வெட்டின் ஒவ்வொரு இழை நுனியும் சின்ன ஊசி மாதிரி. எந்தப் புள்ளியில் எந்தக் கூட்டம் இருந்ததோ அதே புள்ளியில் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அதே துணியைப் பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்து கலந்த புதுத் தட்டுகளில் அடுத்தடுத்து ஒற்றினார்கள். ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிற மாதிரி.

மருந்துத் தட்டுகளில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் செத்தன. அங்கங்கே சில புள்ளிகளில் மட்டும் வளர்ந்தன. எல்லாத் தட்டிலும் அதே அதே இடத்தில்! மருந்து பட்டபிறகு பழகியிருந்தால் ஒவ்வொரு தட்டிலும் வெவ்வேறு இடத்தில் அல்லவா முளைத்திருக்க வேண்டும்? பிறகு மூலத்தட்டுக்குத் திரும்பி, அந்த இடத்திலிருந்து எடுத்தார்கள். மூலத்தட்டு மருந்தைக் கண்ணால்கூடப் பார்க்காதது. இப்படி எடுத்து, வளர்த்து, மறுபடி ஒற்றி எடுத்ததில் மருந்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் தனியே கிடைத்தன. அவை மருந்து வருமுன்பே அங்கே இருந்தன. மருந்து யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. தாங்காதவற்றைக் கழித்துவிட்டது, மிச்சம் நின்றவை பெருகின.

பூச்சிகளிலும் இதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆடுகளைத் தாக்கும் ஒரு வகை ஈ, மாலத்தியான் என்ற பூச்சிமருந்துக்குச் சீக்கிரமே சாகாமல் போனது. அந்த மருந்து புழக்கத்துக்கு வருமுன் பிடித்து, ஊசி குத்திச் சேகரிப்பில் வைத்திருந்த பழைய ஈக்களின் மரபணுவை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். மாலத்தியானைத் தாங்கும் மாற்றம் அந்தப் பழைய ஈக்கள் சிலவற்றிலேயே இருந்தது. டயசினான் என்ற இன்னொரு மருந்தைத் தாங்கும் மாற்றமோ அவற்றில் காணப்படவில்லை. ஆகவே எல்லாமே முன்கூட்டியே காத்திருக்கும் என்று சொல்ல முடியாது. சில மாற்றங்கள் பிறகும் தோன்றலாம். எப்போது தோன்றினாலும், இந்த மருந்துக்கு இந்த மாற்றம் வேண்டும் என்று பார்த்துத் தோன்றுவதில்லை. கோடிக்கணக்கில் முட்டையிடும் கூட்டத்தில் மரபணுவை நகலெடுக்கும்போது பிழைகள் விழுகின்றன. பெரும்பாலானவற்றால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. சில கெடுதல். எப்போதாவது ஒன்று மருந்துக்கு முன்னால் உயிரைக் காக்கும். கொசுவிலும் அப்படித்தான்: நரம்பில் மருந்து போய் ஒட்டும் இடம் சற்றே மாறிய கொசு, அல்லது மருந்தை உடைக்கும் நொதி கூடுதலாகச் சுரக்கும் கொசு, தெளிப்புக்குப் பிறகும் முட்டையிடும். கொசுவுக்கு வருடத்தில் பல தலைமுறை. நமக்கு ஒரு தலைமுறைக்கு இருபத்தைந்து வருடம். வேகத்துக்குக் காரணம் அதுதான்.

எங்கள் ஆய்வகத்தில் இந்தப் பாடத்தை நான் புளியங்கொட்டையில்தான் தொடங்குவேன். மேசைமேல் ஒரு குவியலைக் கொட்டி, எல்லாம் ஒன்றுபோல்தானே இருக்கின்றன என்று கேட்பேன். ஆமாம் என்பார்கள். பிறகு ஆளுக்கு ஐம்பதை வெர்னியர் காலிப்பரில் அளந்து கட்டம்போட்ட தாளில் குறிக்கச் சொல்வேன். அரை மணி நேரத்தில் தாளில் ஒரு மேடு எழும்பும்: நடுத்தர நீளத்தில் குவியலாக, இரண்டு ஓரத்திலும் ஒன்றிரண்டாக. ஒரே மரத்துக் கொட்டைகளில்கூட இரண்டு ஒன்றாக இருப்பது அரிது. இந்த வேறுபாடுதான் மூலதனம். வேறுபாடு இருக்க வேண்டும், அதில் ஒரு பங்காவது பிள்ளைகளுக்குப் போவதாக இருக்க வேண்டும், அந்த வேறுபாட்டால் சிலருக்குச் சந்ததி அதிகமாகவும் சிலருக்குக் குறைவாகவும் அமைய வேண்டும். மூன்றும் சேர்ந்தால் கூட்டத்தின் முகம் தலைமுறைக்குத் தலைமுறை நகரும். தனியொரு உயிர் பிறந்தபடியே இருந்து இறக்கும், மாறுவது கூட்டம்.

இதைக் கண்முன்னே அளந்தவர்கள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர். ஈக்வடாரின் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்று ஒரு குட்டித் தீவு. பரப்பு அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 1973 முதல் அங்கே போய், ஒருவகைத் தரைக்குருவிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, காலில் வண்ண வளையம் மாட்டி, அலகின் நீளம், தடிமன், எடை எல்லாம் குறித்துவைத்தார்கள். எந்தக் குருவி எதன் பிள்ளை என்பதுவரை குறிப்பு உண்டு. 1977இல் மழை பொய்த்தது. மழைக்காலம் முழுக்க 24 மில்லிமீட்டர்தான் பெய்தது. சின்ன, மெல்லிய விதைகளைக் குருவிகள் சீக்கிரமே தின்று தீர்த்துவிட்டன. மிஞ்சியது கெட்டியான விதைகள், முக்கியமாக நெருஞ்சிக் காய். நம் வரப்பில் காலில் தைக்கிற நெருஞ்சியின் நெருங்கிய உறவு அது. முள்ளோடு கூடிய அந்தக் கெட்டித் தோட்டை உடைத்து உள்ளே இருக்கும் விதையை எடுக்கத் தடித்த அலகு வேண்டும். மெல்லிய அலகுள்ளவை முயன்று பார்த்துக் கைவிட்டன. அந்தப் பஞ்சத்தில் சுமார் 85 சதவீதக் குருவிகள் செத்தன. மிஞ்சியவற்றின் சராசரி அலகுத் தடிமன், பஞ்சத்துக்கு முந்தைய கூட்டத்தைவிட ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கூடுதல். எந்தக் குருவியின் அலகும் பசியில் தடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மெல்லிய அலகுகள் கணக்கிலிருந்து போய்விட்டன. தடித்த அலகுள்ள பெற்றோருக்குத் தடித்த அலகுள்ள குஞ்சு பிறப்பது பெரும்பாலும் மரபுவழி என்று முன்பே அளந்திருந்ததால், 1978இல் பிறந்த குஞ்சுகளிலும் அந்த மாற்றம் தெரிந்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் அலகு தடித்துக்கொண்டே போவதுதான் முன்னேற்றம் என்று தோன்றியிருக்கும். ஆனால் 1982-83இல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் காலம், வந்து தீவில் கொட்டித் தீர்த்தது. கொடிகள் படர்ந்து நெருஞ்சியை மூடின. சின்ன விதைகள் தீவெங்கும் கிடந்தன. அடுத்த சில ஆண்டுகளில் சிறிய அலகுள்ள குருவிகளே அதிகம் தப்பின. திசை அப்படியே திரும்பியது. பிறகு 2004-05 வறட்சி. இந்த முறை நெருஞ்சியைத் தின்ன இந்தக் குருவிகளைவிடப் பெரிய அலகுள்ள வேறோர் இனம் தீவில் போட்டிக்கு நின்றது. 1977இல் தடித்த அலகைக் காப்பாற்றிய அதே வறட்சி, இப்போது சிறிய அலகைக் காப்பாற்றியது. அலகின் அளவோடு தொடர்புள்ள ஒரு மரபணுப் பகுதியையும் 2016இல் அடையாளம் கண்டார்கள். ஆண்டுக்கணக்கில் பாறைத் தீவில் கூடாரம் போட்டு, வெயிலில் குருவிக் காலைப் பிடித்து அளந்த உழைப்பு இது.

நம் சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இயற்கைத் தேர்வு" என்றதும் தேர்வெழுதித் தேறியவர், தேர்ந்தெடுக்கும் ஒருவர் என்றெல்லாம் படம் வருகிறது. அப்படி ஒருவர் இல்லை. கழிந்தது போக நின்றதையே தேர்வு என்கிறோம். "வலியது வாழும்" என்று மேடைகளில் முழங்குவதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. நம் பாடநூல்களில் இருக்கும் "தக்கன பிழைத்தல்" எவ்வளவோ சரியான சொல். எதற்குத் தக்கது? அந்த இடத்துக்கு, அந்தக் காலத்துக்கு. அவ்வளவுதான்.

தக்கது என்பது நல்லது என்றும் பொருளல்ல. அரிவாள் வடிவச் சிவப்பணு நோயைப் பாருங்கள். ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தால் வாட்டியெடுக்கும் நோய்; ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. 1954இல் ஆந்தனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதைக் காட்டினார். இந்தியாவில் இந்த மாற்றத்தை முதலில் கண்டது 1952இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். மலேரியா இருந்த இடங்களில் ஒற்றைப் பிரதி உள்ளவர்கள் அதிகம் தப்பினார்கள். அதற்கான விலையை இரட்டைப் பிரதியோடு பிறந்த குழந்தைகள் இன்றும் கொடுக்கிறார்கள். இயற்கைத் தேர்வுக்கு இரக்கமும் இல்லை, முன்யோசனையும் இல்லை. அதனால்தான் இந்த மாற்றம் காணப்படும் பகுதிகளின் குழந்தைகளுக்குச் சீக்கிரமே ரத்தப் பரிசோதனை செய்வதும் சிகிச்சை கிடைக்கச் செய்வதும் நம் வேலையாகிறது.

இதுவரை சொன்னது உறுதியான நிலம். "பயன்படுத்தாத உறுப்பு மறைந்துவிடும்" என்பதில் நிலம் கொஞ்சம் இளகுகிறது. மெக்சிகோவின் இருட்டுக் குகைகளில் கண்ணில்லாத மீன்கள் உண்டு. அதே இனத்தின் கண்ணுள்ள மீன்கள் வெளியே ஆற்றில் திரிகின்றன. இருட்டில் பயன்படுத்தாததால் கண் தேய்ந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் வெவ்வேறு குகைகளின் குருட்டு மீன்களை இணைத்தபோது, குருட்டுப் பெற்றோருக்குப் பார்வையுள்ள குஞ்சுகள் சில பிறந்தன. ஒவ்வொரு குகையிலும் வெவ்வேறு மரபணு கெட்டிருக்கிறது. ஒன்றில் கெட்டதை இன்னொன்று ஈடுகட்டிவிட்டது. வெளிச்சத்தில் கண் கெட்ட மீன் உடனே கழிந்துவிடும். இருட்டில் அந்தக் கழிப்பு நடக்கவில்லை, பிழைகள் சேர்ந்தன. இவ்வளவு தெளிவு. கண்ணை வளர்த்துப் பராமரிக்கும் உணவுச் செலவு மிச்சமானது எவ்வளவு காரணம், வாயும் சுவைமொட்டும் பெருக்கும் மரபணு மாற்றம் கண்ணைச் சுருக்கியது எவ்வளவு, வெறும் தற்செயல் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒரே கருத்து இல்லை. தற்செயலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்: சிறிய கூட்டத்தில் எந்த நன்மையும் தராத ஒரு மாற்றம்கூடக் குருட்டதிர்ஷ்டத்தில் பரவிவிடும். பரிணாமத்தில் நடப்பதெல்லாம் இயற்கைத் தேர்வால் அல்ல.

"மரபணுவின் மேல் ஒட்டும் ரசாயனக் குறிகள் வழியாகத் தாத்தா பட்ட பசி பேரனுக்கு வரும் என்கிறார்களே" என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும். மூலக்கூறு உயிரியல் என் சொந்தத் துறையல்ல. வகுப்பு நடத்துகிற அளவுக்குப் படித்தவன் என்ற எல்லைக்குள் நின்று சொல்கிறேன். செடிகளில் அப்படிப்பட்ட குறிகள் பல தலைமுறை போவதற்குத் தெளிவான சான்று உண்டு. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நேர்ந்த பஞ்சத்தின்போது வயிற்றில் இருந்த குழந்தைகளிடம் அதன் தடயம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் காணப்பட்டது. ஆனால் அந்தச் சிசுக்கள் தாமே அந்தப் பஞ்சத்தை நேரடியாக அனுபவித்தவை. அதைப் பரம்பரை என்று சொல்லிவிட முடியாது. பாலூட்டிகளில் கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போதும், கரு உண்டான தொடக்கத்திலும் இந்தக் குறிகளில் பெரும்பகுதி அழிக்கப்படுகிறது. மனிதரில் பல தலைமுறை தாண்டிச் செல்வதாகச் சொல்லும் கூற்றுகளை, இன்றைய நிலையில், நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். எப்படிப் பார்த்தாலும் காதுத் துளை அந்த வழியிலும் போகாது.

பாக்டீரியாவில் மட்டும் ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். மருந்தைத் தாங்கும் மரபணுவை அது தன் சந்ததிக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பாக்டீரியாவுக்கும் ஒரு சின்ன மரபணு வளையமாகக் கைமாற்றிவிடும். வாங்கிக்கொண்ட பாக்டீரியா தன் வாழ்நாளில் பெற்றதைத் தன் சந்ததிக்கும் கொடுக்கும். உங்கள் கேள்வியில் இருந்த கருத்து உண்மையாகவே பலிக்கிற இடம் இது. மருத்துவமனைக் கிருமிகளில் மருந்தெதிர்ப்பு இவ்வளவு வேகமாகப் பரவ இது பெரிய காரணம்.

"எனக்கு இந்த மாத்திரை பழகிப்போச்சு, கேட்க மாட்டேங்குது" என்று நாம் சொல்லும்போது, ஆன்டிபயாட்டிக்கைப் பொறுத்தவரை, பழகியது நம் உடம்பல்ல. நம்முள் இருக்கும் கிருமிக்கூட்டத்தில் தாங்காதவை போய்த் தாங்குபவை பெருகிவிட்டன. அவை நம்மிடமிருந்து வீட்டில் இருக்கும் மற்றவருக்கும் போகும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945 டிசம்பரில் நோபல் உரையிலேயே, கொல்லப் போதாத அளவு மருந்தைக் காட்டினால் கிருமிகள் எதிர்ப்போடு நிற்கும் என்று எச்சரித்தார். எவ்வளவு நாள் சாப்பிட்டால் போதும் என்பதில் மருத்துவர்களிடையே இப்போது விவாதம் நடக்கிறது. பல நோய்களுக்குப் பழைய கணக்கைவிடக் குறைந்த நாட்களே போதும் என்கிறார்கள் சிலர். ஆகவே நாள் கணக்கை உங்கள் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். ஐயமே இல்லாத ஒன்று உண்டு: தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு வேளையும், லெடர்பெர்க் தம்பதியரின் மருந்துத் தட்டில் நடந்ததை உங்கள் குடலுக்குள் நடத்தும். வைரஸால் வரும் சாதாரணச் சளிக்கு, மகளுக்குப் போன முறை வாங்கிய பாட்டிலில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாட்டிக் சிரப்பை எடுத்து ஊற்றாதீர்கள்.